டிஜிலாக்கர்: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

அரசு ஆவணங்களை மின்னணு வடிவில் போனிலேயே வைத்துக்கொள்ள மத்திய அரசு தரும் டிஜிலாக்கர் 2015-ல் வந்தது. லைசென்ஸையும் ஆர்.சி.யையும் பர்ஸில் திணித்துக்கொண்டு அலைய அலுத்துப்போய்த்தான் நான் அதில் சேர்ந்தேன். 2018 இறுதியில் மோட்டார் வாகன விதியைத் திருத்தி, ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டினாலும் செல்லும் என்றார்கள். இப்போது வண்டியை நிறுத்தினால் போனைக் காட்டிவிட்டுப் போகிறேன். இந்த ஒரு வேலைக்கு முழு மதிப்பெண் தரலாம்.

புதிதாகச் சேர்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். துறையிடமிருந்து நேராக வந்து சேரும் ஆவணத்துக்குத்தான் அசலுக்கு நிகரான மதிப்பு. நாமே ஸ்கேன் செய்து ஏற்றுவது வெறும் நகல்தான்.

அப்புறம் இந்த இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, லைசென்ஸில் ஒற்றை எழுத்தாக இருந்தால், பெயர் பொருந்தவில்லை என்று ஆவணம் வராமல் போகலாம். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் ஊர்களை மனதில் வைத்துச் செய்தார்களோ என்னவோ.

பெரிய சிக்கல் வேறு. ஓடிபி வருவது ஆதாரில் உள்ள எண்ணுக்கு. எங்கள் தெருவில் பல பெரியவர்களின் ஆதாரில் இருப்பது மகன் எண் அல்லது எப்போதோ செத்துப்போன சிம். மகன் திருப்பூரில் ஷிஃப்டில் இருந்தால், அவன் போனை எடுக்கும்வரை இ-சேவை மையத்தில் காத்திருக்க வேண்டியதுதான். சிலர் பிரவுசிங் சென்டரில் கணக்குத் தொடங்கி, ஆறு இலக்க ரகசிய எண்ணை ஆதார் அட்டையின் பின்னாலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டாவை மஞ்சப்பையில் வைத்திருந்த காலத்தில், அதைப் பிரிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஓர் அலுவலகத்தில் என்னிடம் “ஜெராக்ஸ் கொண்டாங்க” என்றார்கள். பிரின்ட் எடுக்கக் கடைக்காரர் வாட்ஸப்புக்கு பிடிஎஃப்பை அனுப்ப வேண்டும். எத்தனை பேர் ஆதார் அந்தக் கம்ப்யூட்டரில் கிடக்கிறதோ!

சொந்த போன், சொந்த எண், ஆதாரிலும் அதே எண் என்று இருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். அம்மாவுக்கு அவர் பெயரிலேயே ஒரு சிம் வாங்கி, அந்த எண்ணை ஆதாரில் மாற்றிவிட்டோம். பட்டன் போன்தான்; ஆனால் ஓடிபி அவர் கைக்கு வருகிறது, யாருக்குச் சொல்வது என்பதும் அவர் முடிவு. மாதாமாதம் அதற்கும் ரீசார்ஜ் போட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.