ஏற்காட்டில் ஐ.ஆர்.ஐ. மாதிரியோடு மூன்று வருடம்

மொட்டை மாடித் தொட்டிக்கும் எதிரே உள்ள சில்வர் ஓக் மரத்துக்கும் நடுவே ஒரு டைபோல் கம்பி. இதுதான் என் ஹாம் ரேடியோ ஆன்டெனா. எந்த நேரத்தில் எந்த பேண்ட் (அலைவரிசை) திறக்கும், அதாவது தூரத்துக் குரல் கேட்கும் என்று பார்க்க மூன்று வருடமாக ஐ.ஆர்.ஐ. என்ற கணினி மாதிரியை நம்பியிருக்கிறேன். ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் மேல்வான அடுக்குகளான அயனிமண்டலத்துக்கான மாதிரி இது. இடம், தேதி, மணி கொடுத்தால் எந்த உயரத்தில் எலக்ட்ரான் எவ்வளவு என்று அட்டவணை வந்துவிடும். காசு கிடையாது.

நோட்டில் இடப்பக்கம் மாதிரி சொன்னது, வலப்பக்கம் காதில் கேட்டது. அமைதியான நாட்களில் பகல் நேரக் கணக்கு பெரும்பாலும் ஒத்துப்போகும். பல வருட அளவீடுகளில் இருந்து எடுத்த மாதச் சராசரி அல்லவா.

சிக்கல் மார்ச், செப்டம்பர் மாலைகளில். பூமியின் காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே, தமிழ்நாட்டின் தென்முனைப் பக்கம் போகிறது. பொழுது சாய்ந்ததும் அங்கே அயனிமண்டலத்தின் மேலடுக்கான எஃப் அடுக்கு மேலே தூக்கப்படும். அடியில் அயனிகள் சீக்கிரம் கரைந்துவிடும். மேலே தண்ணீர், கீழே எண்ணெய் என்றால் எண்ணெய் சும்மா இருக்குமா? அப்படித்தான் அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பி, காந்தப்புலக் கோடுகளை ஒட்டி வடக்கேயும் நீள்கின்றன. எட்டு மணிக்கு எதிர்முனைக் குரல் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல நடுங்கும். மாதிரியின் வளைகோடோ வழவழவென்று இருக்கும். இப்படி ஆகுமா என்று சொல்ல மாதிரியில் உள்ள நிகழ்தகவு வசதி பிரேசில் பகுதிக்காகச் செய்தது, நமக்கு உதவாது.

அப்புறம் சூரியன் கிளப்பும் காந்தப் புயல். 2024 மே 10 இரவு, நம் நேரப்படி பத்தரை மணி வாக்கில் தாக்கியது. 2003க்குப் பிறகு வந்த முதல் ஜி5, அதாவது உச்ச நிலைப் புயல். மறுநாள் மாலை, வழக்கமாக ஐரோப்பா கேட்கும் 15 மீட்டர் பேண்டில் வெறும் இரைச்சல். மாதிரியில் புயல் திருத்தத்தைப் போட்டும் எடுத்தும் பார்த்தேன். அது கடந்த 33 மணி நேரக் காந்தக் குறியீட்டை வைத்துக் கணக்கிடுகிறது. ஐரோப்பா பக்கம் குறைவு என்று சரியாகவே காட்டியது. நம் வானத்துக்கு அந்தத் திருத்தம் போதாது. இங்கே புயலின் மின்புலம் பகலில் நுழைகிறதா இரவில் நுழைகிறதா என்பதைப் பொறுத்து அடுக்கு ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். புயல் நாட்களில் பூமியின் காந்தக் கலக்கத்தைக் காட்டும் கே.பி. குறியீட்டையும் என் காதையும்தான் கேட்கிறேன்.

சேலம் அஸ்தம்பட்டியில் நில அளவை செய்யும் தம்பி ஒருவருக்கும் இந்த நோட்டு பயன்படுகிறது. என் பேண்டில் குரல் நடுங்கும் அதே நேரத்தில்தான் அவருடைய ஜிபிஎஸ் கருவியும் சிக்னலை விடுகிறது. “ராத்திரிக்கு ரிசீவரை வச்சுட்டு வரலாமாண்ணா?” என்று போன் வரும். மார்ச் என்றால் பகலிலேயே எடுத்துவிடச் சொல்வேன்.