வெய்வர் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்: அமெரிக்காவுக்குப் படிக்க வருகிறவர்களுக்கு

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வரப்போகும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்காகக் கடன் வாங்கிப் பணம் கட்டும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். ஹெல்த் இன்சூரன்ஸில் இரண்டாயிரம் டாலர் மிச்சம் பிடிக்கப் போய், பத்தாயிரம் டாலருக்கு மேல் என் தலையில் விழுந்தது. எனக்கு விற்றவர் பொய் சொல்லித்தான் விற்றார். அந்தப் பொய் என்னிடம் எடுபட்டதற்குக் காரணம், எதைக் கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

விசா கிடைத்து, டிக்கெட் போட்ட வாரத்தில் பல்கலைக்கழகத்தின் முதல் பில் வந்தது. கல்விக் கட்டணத்துக்குக் கீழே 'மாணவர் ஹெல்த் இன்சூரன்ஸ், ஆண்டுக்கு 2,600 டாலர்' என்று ஒரு வரி. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இதுவும் கட்டணுமாப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சீனியர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். "வெய்வர் போட்டுடுங்க ப்ரோ, வெளியில எடுத்தா கால்வாசிதான் ஆகும்" என்று பதில் வந்தது, கூடவே ஒரு ஏஜென்ட்டின் நம்பரும்.

வெய்வர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பல பல்கலைக்கழகங்கள் தங்கள் இன்சூரன்ஸ் திட்டத்தில் நம்மைத் தானாகவே சேர்த்துவிடும். "எனக்கு வேறு இன்சூரன்ஸ் இருக்கிறது, உங்களுடையது வேண்டாம்" என்று விண்ணப்பித்து விலகிக்கொள்வதுதான் வெய்வர். செமஸ்டர் தொடங்கும் சமயத்தில் அதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கும்.

ஏஜென்ட் நன்றாகப் பேசினார். "சார், யுனிவர்சிட்டி பிளானுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று நேராகவே கேட்டேன்.

"ஒண்ணுமே இல்ல தம்பி. அமெரிக்க கவர்மென்ட் கேக்குறதே ஒரு லட்சம் டாலர் கவரேஜ்தான். நம்ம பிளான்ல ரெண்டரை லட்சம் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

விலை ஆண்டுக்கு 620 டாலர். அவர் அனுப்பிய விளம்பரத் தாளிலும் 'அமெரிக்க வெளியுறவுத் துறை விதிகளை நிறைவு செய்கிறது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் நம்பினேன்.

இந்த ஒரு லட்சம் டாலர் கதையை இன்றும் பலரிடம் சொல்கிறார்கள், அதனால் இதை விளக்கியே ஆக வேண்டும். அப்படி ஒரு விதி இருப்பது உண்மைதான். ஆனால் அது ஜே-1 எனும் பரிமாற்றத் திட்ட விசாவில் வருகிறவர்களுக்கு உரியது. ஒவ்வொரு நோய்க்கும் அல்லது விபத்துக்கும் குறைந்தது 1,00,000 டாலர், இறந்தால் உடலைத் தாய்நாட்டுக்கு அனுப்ப 25,000, சிகிச்சைக்காக வேறிடம் கொண்டுபோக 50,000, டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் பணம் தருவதற்கு முன் நாம் கட்ட வேண்டிய தொகை, 500 டாலருக்கு மேல் போகக் கூடாது. இவை 2015 முதல் நடைமுறையில் உள்ள எண்கள். நம்மில் பெரும்பாலோர் வருவது எஃப்-1 எனும் மாணவர் விசாவில். எஃப்-1 மாணவருக்கு இன்சூரன்ஸ் பற்றி மத்திய அரசு விதி எதுவும் இல்லை. என்ன வேண்டும் என்று முடிவு செய்வது அந்தந்தப் பல்கலைக்கழகம், சில இடங்களில் மாநிலச் சட்டம். ஆக, எனக்குப் பொருந்தாத ஒரு விதியைக் காட்டி எனக்கு விற்றிருக்கிறார்கள். ஜே-1காரர்களுக்குமே அந்த எண்கள் கீழ் எல்லைதான். அதற்கு மேல் கேட்கப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டு.

வெய்வர் படிவத்தில் கேள்விகள் இருந்தன. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு இந்தப் பிளான் பணம் தருமா? மனநல சிகிச்சை உண்டா? வளாகம் இருக்கும் ஊரில் நெட்வொர்க் மருத்துவமனை, அதாவது இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனை, இருக்கிறதா? ஏஜென்ட்டிடம் கேட்டேன். "எல்லாத்துக்கும் யெஸ் போடுங்க தம்பி, யாரும் செக் பண்ண மாட்டாங்க" என்றார். போட்டேன். கீழே 'நான் சொன்னது அனைத்தும் உண்மை' என்று கையெழுத்தும் போட்டேன். இது என் தவறு, யார் மேலும் பழி போட முடியாது. இரண்டே நாளில் வெய்வர் ஏற்கப்பட்டது. பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டுவிட்டது, அப்படியென்றால் நல்ல இன்சூரன்ஸ்தான் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே சரிபார்த்தது நான் டிக் செய்த கட்டங்களை மட்டும்தான், பாலிசியை யாரும் திறந்து பார்க்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி தொப்புளைச் சுற்றி வலி ஆரம்பித்தது. விடியற்காலையில் வலி வலது பக்கம் கீழே இறங்கி, நிமிர முடியவில்லை. ரூம்மேட் காரில் எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போனான். சி.டி. ஸ்கேன் எடுத்து அப்பெண்டிசைட்டிஸ், அதாவது குடல்வால் அழற்சி என்றார்கள். மதியம் லேப்பராஸ்கோபி அறுவை சிகிச்சை, ஒரு இரவு தங்கல், மறுநாள் சாயங்காலம் வீடு. சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. முன்பணம் கட்டு என்று யாரும் கேட்கவும் இல்லை. 1986-ல் வந்த சட்டப்படி, எமர்ஜென்சிக்கு வருகிறவரிடம் பணம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் பரிசோதித்து, உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவர வேண்டியது மருத்துவமனையின் கடமை. அதனால் உடம்புக்கு ஏதாவது என்றால், இன்சூரன்ஸை நினைத்துக்கொண்டு வீட்டில் படுத்துக் கிடக்காதீர்கள். குடல்வால் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

பில்கள் அடுத்த ஆறு வாரத்தில் ஒவ்வொன்றாக வந்தன. நம்மூர் மாதிரி ஒரே பில் கிடையாது. மருத்துவமனை 38,400. அறுவை சிகிச்சை நிபுணர் 4,150. மயக்க மருந்து கொடுத்தவர் 2,300. எமர்ஜென்சி டாக்டர் 1,480. ஸ்கேனைப் படித்துப் பார்த்தவர் 620. எடுத்த திசுவைச் சோதித்த லேப் 390. மொத்தம் 47,340 டாலர். அட்டையில்தான் இரண்டரை லட்சம் டாலர் என்று இருக்கிறதே என்று தைரியமாகத்தான் கிளெய்ம் போட்டேன்.

அவர்கள் கொடுத்தது 6,375 டாலர்.

போன் செய்து கேட்டபோது, பாலிசியின் உள்ளே ஒரு அட்டவணை இருக்கிறது, அதைப் பாருங்கள் என்றார்கள். அதுவரை நான் திறந்தே பார்க்காத பக்கம். எமர்ஜென்சி அறைக்கு 350 டாலர். ஸ்கேனுக்கு 500. மருத்துவமனை ஒரு நாளைக்கு 1,400. அறுவை சிகிச்சைக்கு அதிகபட்சம் 3,300. மயக்க மருந்துக்கு 825. லேபுக்கும் மற்ற டாக்டர்களுக்கும் ஒன்றும் இல்லை. பில் எவ்வளவு வந்தாலும் இதற்கு மேல் ஒரு டாலர் கிடையாது. இரண்டரை லட்சம் என்பது இந்தச் சின்னச் சின்னத் தொகைகளை எல்லாம் கூட்டினால் தாண்டக் கூடாத எல்லை. ஒரு மனிதன் எத்தனை தடவை அறுவை சிகிச்சை செய்துகொண்டால் அந்த எல்லையைத் தொடுவான்?

இந்த மாதிரிப் பிளானை ஃபிக்ஸட் பெனிஃபிட் என்கிறார்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே குறித்த தொகை, அவ்வளவுதான். இன்னொரு வகை காம்ப்ரிஹென்ஸிவ். அதில் முதலில் டிடக்டிபிள் எனும் ஒரு தொகையை நாம் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு வரும் பில்லில் எண்பது, தொண்ணூறு சதவீதம் என்று அவர்கள் கட்டுவார்கள், மீதி நம் பங்கு. அந்தப் பங்குக்கே கோ-இன்சூரன்ஸ் என்று பெயர். நல்ல பிளானில் இதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. ஆண்டில் நம் கையிலிருந்து இவ்வளவு போய்விட்டால், நெட்வொர்க் மருத்துவமனையில் மீதி முழுக்க அவர்கள் பொறுப்பு. நான் வேண்டாம் என்று விலகிய பல்கலைக்கழகப் பிளானின் கையேட்டை டிசம்பரில் உட்கார்ந்து படித்தேன். அதில் அந்த உச்சவரம்பு 3,000 டாலர். அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

இன்சூரன்ஸ் நிறுவனம் வழியாகப் பல்கலைக்கழகம் தரும் பிளான்கள் 2010-ல் வந்த ஏ.சி.ஏ. சட்டத்துக்கு, அதாவது ஒபாமாகேர் என்று சொல்கிறார்களே அதற்கு, உட்பட்டவை. ஏற்கெனவே இருந்த நோய் என்று சொல்லி அவற்றில் மறுக்க முடியாது. அத்தியாவசிய சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு இத்தனை டாலர்தான் என்று வரம்பும் போட முடியாது. இன்னொன்றும் உண்டு. நெட்வொர்க் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றாலும், மயக்க மருந்து கொடுக்க வந்தவர் நெட்வொர்க்கில் இல்லாமல் இருக்கலாம். அதை நோயாளி தேர்ந்தெடுக்க முடியாது. அப்படி எதிர்பாராமல் வரும் கூடுதல் பில்லை 2022 ஜனவரி முதல் ஒரு சட்டம் தடுக்கிறது. நான் வாங்கியதைப் போன்ற பயணிகளுக்கான பிளான்களுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. விலை ஏன் கால்வாசி என்பது இப்போது புரிகிறதல்லவா?

அந்த 6,375-ம் சும்மா வரவில்லை. எமர்ஜென்சியில் நர்ஸ் கேட்டபோது, "ஊரில் இருக்கும்போதும் எப்போதாவது வயிறு வலிக்கும்" என்று சொல்லியிருந்தேன். அதை அவர் குறித்து வைத்திருக்கிறார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, இது ஏற்கெனவே இருந்த நோயா என்று பார்க்க வேண்டும், கடந்த ஐந்து ஆண்டு மருத்துவ ஆவணங்களை இந்தியாவிலிருந்து வாங்கி அனுப்புங்கள் என்றார்கள். எங்கள் ஊர் டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுப்பவர், அவரிடம் என்ன ஆவணம் இருக்கும்? அம்மா இரண்டு தடவை போய்க் காத்திருந்து ஒரு கடிதம் வாங்கி அனுப்பினார். இப்படியே நான்கு மாதம் ஓடியது. அதற்குள் மயக்க மருந்து பில், வசூல் செய்யும் ஏஜென்சிக்குப் போகப்போகிறது என்று கடிதம் வந்துவிட்டது. பரீட்சை நேரம். தூக்கம் போயிற்று.

ஏஜென்ட்டுக்குப் பல முறை போன் செய்தேன். கடைசியில் எடுத்து, "பாலிசியைப் படிக்காம வாங்கினது உங்க தப்பு தம்பி" என்றார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

எனக்குக் கை கொடுத்தது சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருந்த ஒரு அம்மா. "மருத்துவமனையில் ஃபைனான்ஷியல் அசிஸ்டன்ஸ் கேட்டாயா?" என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இங்கே லாப நோக்கில்லாத மருத்துவமனைகள் வரிவிலக்கு பெற வேண்டுமென்றால், வசதி இல்லாதவர்களுக்கு பில்லைக் குறைக்கும் எழுத்துப்பூர்வமான கொள்கை ஒன்றை வைத்திருக்க வேண்டும். முதல் பில் வந்ததிலிருந்து 240 நாள் வரை அதற்கு விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கு விவரம், கல்விக் கடன் ஆவணம், வருமானம் இல்லை என்பதற்கான கடிதம் எல்லாம் கொடுத்தேன். இன்சூரன்ஸ் கொடுத்தது போக மருத்துவமனைக்கு நான் பாக்கி வைத்திருந்த 36,150 டாலரை 5,400 ஆகக் குறைத்தார்கள். மாதம் 225 வீதம் 24 தவணை. டாக்டர்களும் லேபும் தனித்தனியாக பில் போடுகிறவர்கள், அவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தவில்லை. அவர்களுக்குப் பாக்கியிருந்த 4,815 டாலருக்கு அப்பா, அம்மாவின் நகையை அடகு வைத்தார். யாருக்காவது இப்படிப் பெரிய பில் வந்திருந்தால், பயந்து கிரெடிட் கார்டில் கட்டிவிடாதீர்கள். முதலில் எந்தெந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்ட பில் கேளுங்கள், அப்புறம் இந்த உதவிக்கு விண்ணப்பியுங்கள்.

பல்கலைக்கழகப் பிளானில் உடனே சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தேன். கடைசித் தேதி போய்விட்டால் இடையில் சேர முடியாது, இருந்த இன்சூரன்ஸ் நம் விருப்பமில்லாமல் போனால் மட்டுமே விதிவிலக்கு என்றார்கள். ஜனவரி செமஸ்டரில்தான் சேர்ந்தேன்.

வெளியில் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கணவனோ மனைவியோ இங்கே வேலையில் இருந்தால் அவர்கள் அலுவலக இன்சூரன்ஸில் சேரலாம். பெற்றோர் இங்கேயே வேலை பார்த்து அவர்கள் பிளானில் பிள்ளைகளையும் சேர்க்க முடிந்தால் 26 வயது வரை அதில் இருக்கலாம். இவை பெரும்பாலும் சரியான காரணத்துக்காகக் கேட்கும் வெய்வர்கள். மற்றபடி யார் எதை விற்றாலும் பணம் கட்டுவதற்கு முன் முழு பாலிசியை அனுப்பச் சொல்லுங்கள், விளம்பரத் தாளை வைத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். அதில் சிகிச்சைவாரியாக டாலர் எண்கள் போட்ட அட்டவணை இருக்கிறதா, நம் பங்குக்கு ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு, ஏற்கெனவே உள்ள நோய் என்பதற்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'ஏ.சி.ஏ. சட்டத்துக்கு உட்பட்டதா?' என்று மெயிலில் கேளுங்கள். போனில் சொல்கிற பதிலை வைத்துக்கொண்டு பின்னால் ஒன்றும் செய்ய முடியாது.

பெற்றோருக்கு ஒரு விஷயம். பில்லில் 'ஹெல்த் ஃபீ' என்று தனியாக ஒரு சின்னத் தொகை இருக்கும். அது வளாகத்துக்குள் இருக்கும் மருத்துவ மையத்துக்கான கட்டணம், இன்சூரன்ஸ் இல்லை. அதைக் கட்டிவிட்டு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

இதுவரை பதினோரு தவணை கட்டியிருக்கிறேன். அந்த ஏஜென்ட் இன்னும் அதே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார். போன வாரம் புதிதாக வரும் மாணவர்களுக்கு அதே பிளானின் லிங்க்கைப் போட்டிருந்தார். நான் அதற்குக் கீழே என் பாலிசியின் அட்டவணைப் பக்கத்தையும், என் ஆறு பில்களையும் படம் எடுத்துப் போட்டேன். பத்து நிமிடத்தில் குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.