பாப் கிராம்ப்டன் மறுபதிப்புச் சீட்டு: வாங்கலாமா?

அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டைச் சீட்டு வைப்பார்கள் இல்லையா, அதில் வந்த கால்பந்து வீரர்களின் படங்களை இப்போது மறுபதிப்பாக விற்கிறார்கள். நான் ஆன்லைனில் ஒரு கட்டு வாங்கினேன். முக்கியமாக பாப் கிராம்ப்டனுக்காக.

1896 முதல் 1920 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் என்ற ஒரே கிளப்புக்கு ஆடிய ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர். இங்கிலாந்துக்கு 41 ஆட்டம். அந்தச் சாதனையை 1952-இல்தான் பில்லி ரைட் தாண்டினார். 1912, 1914 லீக் பட்டங்கள் கிடைத்தன, எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்தின் நாக்-அவுட் கோப்பை) மட்டும் ஆடும்போது கைக்கு வரவில்லை, அப்புறம் 1928-இல் மேலாளராக அதையும் வாங்கிவிட்டார் மனுஷன்!

சீட்டில் பாதி நீலம் பாதி வெள்ளைச் சட்டை பளிச்சென்று இருக்கிறது, முகம்தான் மையில் லேசாக ஊறிப்போயிருக்கிறது. பின்பக்க எழுத்து மகா பொடி, லென்ஸ் இல்லாமல் முடியாது. அதைவிடக் கடுப்பு, அன்றைய ஆட்டம் எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. 1925 வரை, பந்தை வாங்கப் போகிறவர் ஆஃப்சைடு (எதிரணி கோலுக்கு அருகே விதியை மீறி முந்தி நிற்கும் தவறு) ஆகாமல் இருக்க அவருக்கு முன்னால் மூன்று எதிரணி ஆட்கள் வேண்டும், அதனால் ஒரு பேக் சரியான நேரத்தில் முன்னேறினாலே தாக்க வரும் அணி ஆஃப்சைடில் மாட்டிக்கொள்ளும். கிராம்ப்டன் காலத்துத் தடுப்பாட்டத்தின் சூட்சுமமே அதுதானே, அதைப் போட வேண்டாமா?

பார்சலில் ஒரு சீட்டின் மூலை மடங்கி வந்தது. சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள், சரி. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். தள்ளுபடி வந்தால் வாங்குங்கள்.