துருவப் பக்கம் போனால் காந்த ஊசியா, கைரோவா?

வடதுருவப் பக்கம் போகிற கப்பலில் எதை நம்புவது என்று கேட்டால், நான் கைரோ காம்பஸ் (வேகமாகச் சுழலும் சக்கரத்தை வைத்து வடக்கைக் காட்டும் கருவி) கட்சிதான், அதுவும் ஓரளவுக்கு. காந்த ஊசியைத் திருப்புவது பூமியின் காந்தப்புலத்தில் கிடைமட்டமாக இருக்கும் பங்கு மட்டும்தான். காந்தத் துருவத்தை நெருங்க நெருங்கப் புலம் செங்குத்தாகிவிடுவதால் ஊசி தரையைப் பார்க்கச் சாயும், சாதாரண காம்பஸில் முனை தட்டில் உரசிச் சிக்கிக்கொள்ளும். 1831இல் கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில் பிரிட்டிஷ் கடற்பயணி ஜேம்ஸ் கிளார்க் ராஸின் சாய்வு ஊசி (புலம் எவ்வளவு கீழ்நோக்கிச் சாய்கிறது என்று அளப்பது) கிட்டத்தட்ட 90 டிகிரி, அதாவது நேர்க்கீழே, காட்டியது (அந்தக் காந்தத் துருவம் இப்போது சைபீரியா பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது, அது தனித் தலைவலி).

கைரோவுக்குக் காந்தமே வேண்டாம், பூமியின் சுழற்சியை வைத்தே உண்மையான வடக்கை, அதாவது புவியியல் துருவம் இருக்கும் திசையை, பிடித்துவிடும். ஆனால் 80 டிகிரி அட்சரேகை தாண்டினால் அதுவும் தள்ளாடும், சரியாகப் புவியியல் துருவத்தில் கையை விரித்துவிடும். அப்புறம் சூரியனையோ செயற்கைக்கோளையோதான் பார்க்கவேண்டும்.