பேட்டரிக் கடையில் ஏமாந்தேன்: புதிதாக பைக் ஓட்டுகிறவர்கள் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

வேலூர் பக்கம் இருக்கிறவர்கள், அதிலும் இப்போதுதான் கியர் வண்டி பழகியிருக்கிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போனது 1,200 ரூபாய். ஆனால் அந்த 1,200 ரூபாய் பேட்டரியால் ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஊசூர் தாண்டி நடுரோட்டில் விழுந்தேன். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலூரில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். வீடு அணைக்கட்டு பக்கம். ஷிஃப்ட் முடிந்து வரும்போது பஸ் சரியாகக் கிடைப்பதில்லை என்பதால் தை மாதம் மாமா பையனிடமிருந்து அவனுடைய 150 சிசி பைக்கை வாங்கினேன். 2021 மாடல், பி.எஸ். 6 வண்டி. கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். அதற்கு முன் ஸ்கூட்டிதான் ஓட்டியிருக்கிறேன். கிளட்ச் பழக எனக்கு நாளானது. வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் தினமும் ஒரு முறையாவது வண்டி ஆஃப் ஆகும். பின்னால் ஹாரன் அடிக்க அடிக்கப் பதற்றத்தில் செல்ஃபை அழுத்திக்கொண்டே இருப்பேன்.

பங்குனியில் எட்டு நாள் பயிற்சிக்காகச் சென்னைக்கு அனுப்பினார்கள். வண்டியைச் சத்துவாச்சாரியில் சித்தி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்து சாவி போட்டால் மீட்டர் மங்கலாக எரிந்தது. செல்ஃபை அழுத்தினால் டக் டக் டக் என்ற சத்தம் மட்டும். தெருப்பையன்கள் மூன்று பேர் தள்ளிப் பார்த்தார்கள், சித்தப்பா இரண்டாவது கியரில் போட்டு கிளட்ச்சை விட்டுப் பார்த்தார், எதுவும் ஆகவில்லை. பழைய கார்ப்பரேட்டர் வண்டி என்றால் தள்ளினால் பிடித்துக்கொள்ளும். இது எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்டர்) வண்டி. பெட்ரோல் பம்ப்பும் இன்ஜெக்டரும் கரண்ட்டில் ஓடுபவை. பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் பெரும்பாலும் கிளம்பாது. இது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது.

பக்கத்தில் ஒரு பேட்டரிக் கடை இருப்பதாக ஆட்டோக்காரர் ஒருவர் சொன்னார். தள்ளிக்கொண்டே போனோம். புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும் என்பதால் கடைப் பெயரை எழுதவில்லை.

கடைக்காரர் முதலில் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இன்னா பாப்பா, புதுசா ஓட்றியா?"

"ஆமாண்ணா."

"சிக்னல்ல ஆஃப் ஆவுதா? ஆஃப் ஆனா செல்ஃப் அடிச்சிக்கினே இருப்பியே?"

"ஆமாண்ணா."

"அதான் பேட்டரி பூட்ச்சி. நீ ஓட்ற ஓட்டுக்கு எந்த பேட்டரி தாங்கும்?"

அதற்கு மேல் என்னால் ஒரு கேள்வி கூடக் கேட்க முடியவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. செல்ஃபை நான் அப்படி அழுத்தியது உண்மை. அந்த வெட்கத்திலேயே மீதியையும் நம்பிவிட்டேன். புதிதாக ஓட்டுகிறவர்களை ஏமாற்ற அவர்களுக்கு வேண்டியது இந்த வெட்கம் ஒன்றுதான். தப்பு நம் மேல் என்று நாமே நினைத்துவிட்டால் வோல்ட் அளக்கும் மீட்டர் வைத்துப் பாருங்கள் என்று கேட்க வாய் வராது.

அவரும் மீட்டர் வைக்கவில்லை. ஒரு வயர்த் துண்டை எடுத்து இரண்டு டெர்மினலிலும் உரசினார். சின்னதாகப் பொறி வந்தது. "பார்த்தியா, பவரே இல்ல" என்றார். இது சோதனையே கிடையாது, பேட்டரிக்கும் பக்கத்தில் நிற்கிறவருக்கும் ஆபத்து என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளே போய் ஒரு பேட்டரி கொண்டுவந்தார். அட்டைப்பெட்டி இல்லை. ஸ்டிக்கர் மட்டும் பளபளவென்று இருந்தது. விலை 1,450, பழையதுக்கு 250 கழித்து 1,200 என்றார். பில் கேட்டதற்கு, "பில்லு போட்டா ஜிஎஸ்டி சேரும், இன்னா சொல்ற?" என்றார். வாரண்டி கார்டு அடுத்த வாரம் வரும் என்றார். ஜிபே-யில் அனுப்பும்போது கடைப் பெயர் வரவில்லை, வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தது. அனுப்பிவிட்டேன். என் பழைய பேட்டரியை மூலையில் இருந்த குவியலில் போட்டார்.

பன்னிரண்டு நாள் ஓடியது.

அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து அரியூர் வழியாக வந்தேன். பொற்கோயில் வரை நல்ல வெளிச்சம், ஊசூர் தாண்டினால் இருட்டு. ஐம்பதில் போய்க்கொண்டிருந்தேன். மீட்டர் ஒரு முறை அணைந்து எரிந்தது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கிற அமைப்பு) விளக்கு வந்தது. ஹெட்லைட் மங்கியது. வண்டி இரண்டு முறை திக்கியது, அப்புறம் மொத்தமாக நின்றுபோனது. கண்ணாடியில் லாரி வெளிச்சம் பெரிதாகிக்கொண்டு வருகிறது. கிளட்ச்சைப் பிடிக்கத் தோன்றவில்லை. கியரில் இருந்த இன்ஜின் பின்சக்கரத்தை இழுத்துப் பிடித்தது. பயத்தில் இடது பக்கம் ஒடித்து, முன் பிரேக்கை மொத்தமாக அழுத்தினேன். ஓரத்தில் செம்மண். முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன்.

ஹெல்மெட் போட்டிருந்தேன். தலை தரையில் மோதியது ஹெல்மெட்டுக்குள் கேட்டது, அவ்வளவுதான். முட்டியும் முழங்கையும் உரிந்துபோனது. லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, இண்டிகேட்டர் போட்டுவிட்டு இறங்கி வந்தார். பைக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அப்பா வரும்வரை நின்றார். பெயர் கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் அப்பா குட்டி யானையில் பைக்கை ஏற்றி, வேலூரில் தனக்குத் தெரிந்த ஒரு பாயிடம் கொண்டுபோனார். முப்பது வருடமாக வயரிங் வேலை மட்டும் பார்ப்பவர். சீட்டைக் கழற்றியதும் முதலில் மல்டிமீட்டரை எடுத்தார். 10.4 வோல்ட் காட்டியது.

"இங்க பாரும்மா, உள்ள ஆறு அறை. ஒரு அறைக்கு ரெண்டு வோல்ட்டுக்கு மேல. நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6-க்குக் குறையாது. இதுல ஒரு அறை செத்துப்போச்சு. அதான் ரெண்டு குறையுது."

அப்புறம் பேட்டரியை வெளியே எடுத்து வெயிலில் பிடித்தார். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். கீழே இன்னொரு ஸ்டிக்கர் பாதி கிழிந்த நிலையில் இருந்தது. பெட்ரோல் தொட்ட துணியால் பக்கவாட்டில் துடைத்தார். தயாரிப்பு எண் அடித்திருக்க வேண்டிய இடம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் சொரசொரப்பாக இருந்தது. டெர்மினலில் அரம் போட்ட கோடுகள். மேல் மூடியின் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பிய வடு, அதன் மேல் பசை. இது மெயின்டெனன்ஸ் ஃப்ரீ பேட்டரி, திறக்கவே கூடாதது. யாரோ திறந்து ஏதோ ஊற்றி, சார்ஜ் ஏற்றி, புதுசு என்று விற்றிருக்கிறார்கள். அந்தக் கோடுகளைக் கடையிலேயே நான் பார்த்திருக்க முடியும்.

சரி, பழைய பேட்டரிக்கு என்னதான் ஆனது என்று கேட்டேன். பாய் ஹேண்டில்பாரைக் காட்டினார். மாமா பையன் மாட்டியிருந்த யுஎஸ்பி சார்ஜர். சாவி எடுத்த பிறகும் அதில் ஒரு நீல விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அதை நேராக பேட்டரியில் கோர்த்திருக்கிறார்கள். வேறொரு பேட்டரியை வைத்து, மீட்டரைத் தொடராகப் போட்டுப் பார்த்தார். சாவி இல்லாமலே 25 மில்லி ஆம்பியர் இழுத்தது. ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு). என் வண்டி பேட்டரியே 5 ஆம்பியர் அவர்தான். எட்டு நாளில் காலி. தினமும் ஓட்டும்போது திரும்ப ஏறிவிடும், நிறுத்தி வைத்ததால்தான் இறங்கியிருக்கிறது. "உன் பழைய பேட்டரிய சார்ஜ் போட்டிருந்தா எழுந்திருக்கும்மா" என்றார்.

அன்று மாலை மாமா பையனுக்குப் போன் செய்தேன். "பேட்டரி மாத்தி ஒன்றரை வருஷம் கூட ஆகலையே, ஆர்சி கவர்ல கார்டு இருக்கும் பாரு" என்றான். இருந்தது. 48 மாத வாரண்டி, முதல் 24 மாதத்துக்குள் பழுதானால் புதியது இலவசம். கடை முத்திரை, தேதி, சீரியல் நம்பர் எல்லாம் இருந்தது. பேட்டரிதான் என்னிடம் இல்லை.

என்னை ஏமாற்றிய கடைக்காரரிடமே போனோம். என் பேட்டரி ஏற்றி அனுப்பியாகிவிட்டது என்றார். "பில்லு இருக்கா? இல்லல்ல? நீ எங்க வாங்கினியோ" என்றார். அப்பா கார்டைக் காட்டியதும் குரல் இறங்கியது. 600 கொடுத்தால் வேறு ஒன்று தருகிறேன் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டோம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பதிவு செய்தேன். பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீது, தேதி, பேட்டரியின் படம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் வருடச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. செல்ஃப் எடுக்கவில்லை என்றால் உடனே பேட்டரி மாற்ற ஓடாதீர்கள். முதலில் ஃபியூஸையும் டெர்மினல் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் சுத்தம் செய்து மெலிதாக வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 12-க்குக் கீழே என்றால் இறங்கிக் கிடக்கிறது, முதலில் சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் 13.5-லிருந்து 14.5-க்குள் வர வேண்டும். வராவிட்டால் கோளாறு சார்ஜ் ஏற்றும் காயிலிலோ ரெகுலேட்டரிலோ இருக்கலாம். அப்போது எத்தனை புது பேட்டரி போட்டாலும் இறங்கத்தான் செய்யும். சார்ஜ் போடுவதென்றால் ஆம்பியர் அவரில் பத்தில் ஒரு பங்கு போதும். 5 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர். கார் பேட்டரிக்கு வைக்கிற வேகத்தில் ஏற்றினால் சூடாகிக் கெட்டுவிடும்.

செல்ஃபை மூன்று நான்கு நொடிக்கு மேல் அழுத்தாதீர்கள், எடுக்கவில்லை என்றால் பத்து நொடியாவது விட்டு மறுபடி. ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போனால் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். வீட்டில் யாராவது வாசலில் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுவது போதாது, அரைமணி நேரம் ரோட்டில் ஓட வேண்டும். கத்திரி வெயிலில் நம் ஊரில் வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும், இறங்கிய நிலையில் நாள்கணக்கில் விட்டால் தகட்டில் சல்ஃபேட் படிந்து பிறகு சார்ஜே ஏறாது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் பெட்டி பிரிக்காத பேட்டரியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். தயாரிப்பு எண்ணைத் தடவிப் பாருங்கள். டெர்மினலில் ஒரு கீறல் கூட இருக்கக் கூடாது. ஆசிட் ஊற்றித் தருகிற வகை என்றால் ஊற்றி முதல் சார்ஜ் முழுதாக ஏற்றிய பிறகுதான் மாட்ட வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். பில்லிலும் கார்டிலும் ஒரே சீரியல் நம்பர் இருக்கட்டும். பழைய பேட்டரியைக் கடையில் கொடுப்பது சரியான காரியம்தான். உள்ளே ஈயமும் ஆசிடும் இருப்பதால் குப்பையில் போடக் கூடாது, 2022 விதிகளும் அதைப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேர்க்கச் சொல்கின்றன. ஆனால் வாரண்டி முடிந்துவிட்டதா என்று பார்த்த பிறகு கொடுங்கள்.

ஓட்டுவது பற்றி ஒன்று. ஓடும்போது வண்டி ஆஃப் ஆனால் என்ன செய்வது என்று லைசென்ஸ் எடுக்கும்போது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதலில் கிளட்ச். கிளட்ச்சைப் பிடித்தால் வண்டி தானாக உருளும், ஓரம் கட்ட நேரம் கிடைக்கும். ஹேண்டிலை ஒடிக்காமல் மெதுவாக இடது பக்கம் வாருங்கள், தார் ரோட்டில் இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்ல மெல்ல அழுத்தி வேகத்தைக் குறைத்துவிடுங்கள், மண்ணில் இறங்கிய பிறகு முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஏபிஎஸ் இருக்கிறதே என்று நினைக்கலாம், நானும் நினைத்தேன். அதுவும் பேட்டரி கரண்ட்டில் ஓடுவதுதான். கரண்ட் விழுந்து ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் பிரேக் பிடிக்கும், ஆனால் சக்கரம் பூட்டாமல் காக்க யாரும் இல்லை. ஓடும்போது அந்த விளக்கு வந்தாலோ மீட்டர் அணைந்து எரிந்தாலோ அப்போதே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். எனக்கு அரை நிமிடம் முன்பே அது சொல்லிவிட்டது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா பையன் வருகிறான். ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் முதல் கியரில் கிளட்ச்சை மட்டும் விட்டு விட்டு, ஆக்சிலரேட்டர் இல்லாமல் வண்டி எந்த இடத்தில் நகரத் தொடங்குகிறது என்று கைக்குப் பழக்குகிறேன். மூன்று வாரத்தில் கிரீன் சர்க்கிளில் ஆஃப் ஆவது நின்றுவிட்டது. முப்பதில் போகும்போது கில் சுவிட்சால் (ஹேண்டிலில் இருக்கும் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச்) இன்ஜினை அணைத்து, கிளட்ச் பிடித்து ஓரம் கட்டுவதையும் பத்துப் பத்துத் தடவை செய்கிறோம்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு காரியம் மட்டும் மறக்காதீர்கள். பழைய பேட்டரி வண்டியில் இருக்கும்போதே, சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. அதனால் என் புகாரில் அந்த பேட்டரி வண்டியில் இருந்தது என்பதற்கு மாமா பையன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு கடிதத்தைத்தான் இணைத்திருக்கிறேன்.