உப்புவெளி வாடகை ஸ்கூட்டி: வண்டி பரவாயில்லை, ஹெல்மெட்டைப் பார்த்து வாங்குங்கள்

திருகோணமலையை அடுத்த உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நாள் வாடகைக்குக் கிடைக்கும் ஸ்கூட்டிகளின் எஞ்சினில் பெரிதாகக் குறையில்லை. குறை ஹெல்மெட்டில். வண்டியோடு தருவது பெரும்பாலும் முகம் திறந்த வகை. விழுந்தால் தாடைக்கும் பல்லுக்கும் காப்பே இல்லை. உள்ளே துணியை விலக்கி, அடியைத் தாங்கும் நுரைப்படையான ரெஜிபோமைப் பாருங்கள். வெடிப்போ பள்ளமோ இருந்தால் அது ஏற்கெனவே ஓர் அடி வாங்கியது. நசுங்கிய ரெஜிபோம் மறுபடி எழும்பாது, அடுத்த அடி நேரே மண்டைக்குத்தான். பட்டியைப் பூட்டிவிட்டு, பின்பக்கத்தைப் பிடித்து முன்னுக்குத் தள்ளுங்கள். கழன்றால் வேறு கேளுங்கள். பட்டிக்கும் தாடைக்கும் இடையில் இரண்டு விரல் போகலாம், அதற்கு மேல் கூடாது. கிளிப் உடைந்து முடிச்சுப் போட்டதென்றால் தொடவே வேண்டாம்.

அடுத்தது பிரேக். உப்புக்காற்றில் கேபிள் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். லீவரை அமர்த்தி விட்டதும் சட்டென்று திரும்பாவிட்டால் கேபிள் இறுகியிருக்கிறது. கோணேசர் கோயில் இறக்கத்தில் ஸ்கூட்டிக்குக் கியர் குறைக்க வழியில்லை, பெரும்பாலான பாரமும் பிரேக்கில்தான். கோயில் இருக்கும் பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் வேறு குறுக்கே வரும்.

கடற்கரை ஒழுங்கைகளில் தார் மேல் மணல் கிடக்கும். வளைவில் முன்பிரேக் பிடித்தால் சில்லு வழுக்கும், கையை ஊன்றி விழுவீர்கள். மணிக்கட்டும் காறை எலும்பும் முறிவது அப்படித்தான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

முழுமுக ஹெல்மெட் தரும் கடை கிடைத்தால், வாடகை கொஞ்சம் கூடினாலும் அங்கேயே எடுங்கள்.