அம்மாவுக்கு யூபிஐ சர்க்கிள் போட்டுக் கொடுத்து ஒரு வருஷம் ஆச்சு, என் அனுபவம்

நான் சென்னைல இருக்கேன், அம்மா மதுரைல தனியா. அப்பா போனதுக்கப்புறம் வீட்டுச் செலவு என் அக்கவுண்ட்ல இருந்துதான். முன்னாடி என் ஏடிஎம் கார்டை அம்மாகிட்ட கொடுத்துட்டு பின் நம்பரை காலண்டர் பின்னாடி எழுதி வச்சிருந்தோம், நிறைய வீட்ல இப்படித்தான், ஆனா ரிசர்வ் பேங்க் 2017லயே தெளிவா சொல்லிடுச்சு, பின்னை நாமளே கொடுத்து பணம் போச்சுன்னா பேங்க்ல சொல்ற வரைக்கும் போனதெல்லாம் நம்ம தலைலதான். தெரிஞ்ச உடனே கார்டை வாங்கிட்டேன்.

2024 ஆகஸ்ட்ல வந்த யூபிஐ சர்க்கிள்தான் இப்ப ஓடுது, அதாவது அம்மா அவங்க போன்லயே ஸ்கேன் பண்ணி என் அக்கவுண்ட்ல இருந்து பணம் கொடுக்கலாம். அம்மா போன்ல கியூஆர் ஸ்கேன் பண்ணி சேர்த்தேன், அவ்வளவுதான் வேலை. அக்காவும் சேர்க்கிறேன்னா, ஆனா அம்மா ஒருத்தரோட சர்க்கிள்லதான் இருக்க முடியும்.

முதல்ல பார்ஷியல் வச்சேன், அதாவது அம்மா ஸ்கேன் பண்ணா எனக்கு ரிக்வெஸ்ட் வரும், நான் பின் போட்டாத்தான் பணம் போகும். சேஃப்தான். ஒருநாள் மெடிக்கல்ல சுகர் மாத்திரை வாங்கிட்டு நிக்கிறாங்க, நான் மீட்டிங்ல, போன் சைலண்ட். கடைக்காரர் நாளைக்குக் கொடுங்கம்மான்னு சொல்லியும் மாத்திரையை அங்கயே வச்சுட்டு வந்துட்டாங்க. "காசுக்கு புள்ளைகிட்ட கைகட்டி நிக்கிற மாதிரி இருக்குடா"ன்னாங்க, எனக்கு மனசே ஆறல.

அன்னிக்கே ஃபுல்லுக்கு மாத்திட்டேன். ஒரு தடவைக்கு 5,000, மாசத்துக்கு 15,000 வரைக்கும் என்னைக் கேக்காமலே போகும், என் பேலன்ஸ் அவங்களுக்குத் தெரியாது. ஆனா அவங்க எந்தக் கடைல எவ்வளவு கொடுத்தாங்கன்னு எல்லாமே எனக்குத் தெரியுது, அதுதான் பிரச்சனையே. ஒருநாள் சும்மா "பூக்கடைல என்னம்மா 600 ரூபா"ன்னு கேட்டுட்டேன், அவங்க பதிலே சொல்லல. அடுத்த மாசம் ஹிஸ்டரில மளிகை, கரண்ட் பில் தவிர ஒண்ணும் இல்ல. மத்த எல்லாத்துக்கும் கையில இருந்த காசு.

இப்ப மாசம் 1ஆம் தேதி அவங்க சொந்த அக்கவுண்ட்ல 6,000 போட்டுடறேன், அதை நான் பாக்கறதே இல்ல. சர்க்கிள் வீட்டுச் செலவுக்கு மட்டும். உங்க வீட்லயும் இப்படிப் பிரிச்சு வைங்கன்னுதான் சொல்வேன்.

அந்த அக்கவுண்ட்டை என்னோட ஜாயிண்ட்டா மாத்தச் சொன்னாங்க பேங்க்ல. அம்மா வேணாம்னுட்டாங்க, நாமினி போதும்னாங்க, எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு, ஏன்னா நாமினியால இப்ப கணக்கைப் பாக்க முடியாது. 2025 நவம்பர்ல இருந்து நாலு நாமினி வரைக்கும் போடலாம், ஆளுக்கு இத்தனை சதவீதம்னு பிரிச்சும் கொடுக்கலாம். நான், அக்கா ரெண்டு பேரும் இருக்கோம். யாருக்கு எவ்வளவுன்னு அம்மா சொல்லல, நான் கேக்கவும் இல்ல.